எந்த விக்கெட்டில் அடித்த நூறு?

பையன் நூறு அடித்துவிட்டான் என்று யாராவது வந்து சொன்னால், பழைய செலக்டர்கள் உடனே கைகொடுக்க மாட்டார்கள். எந்த டிவிஷன், எதிரணியில் பந்து போட்டது யார், மேட்டிங்கா டர்ஃபா, பையனுக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டுத்தான் முகத்தைத் தளர்த்துவார்கள். வளரும் ஆட்டக்காரனை எடைபோடும் கலை முழுவதும் இந்த நாலு கேள்விக்குள் அடக்கம். கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எதை முதலில் கேட்பது என்பதில்தான் சிந்தனைப் பள்ளிக்குப் பள்ளி பேதம்.

இந்தக் கலையைத் தொழிலாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, விலை கொடுத்துப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கக் கையில் பணம் போதாமல், சின்ன லீக் அணிகளை வாங்கிப்போட்டுப் பையன்களைச் சொந்த நாற்றங்காலிலேயே வளர்க்கத் தொடங்கினார். இன்று அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் இருக்கின்றன. திறன் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் பையனின் அடி, பலம், ஓட்டம், எறி, ஃபீல்டிங் ஒவ்வொன்றுக்கும் 20இலிருந்து 80 வரை மார்க் போடுகிறார்கள். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி ஆட்டக்காரன். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரே திறமைக்கு இரண்டு மார்க் உண்டு: இன்று எவ்வளவு, முற்றியபின் எவ்வளவு. நம் ஊர் செலக்‌ஷன் தாள்களில் இந்த இரண்டாவது கட்டம் கிடையாது.

எங்கள் நாயுடுபேட்டைப் பையனுக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சில்லை. சுவர்ணமுகிக் கரையில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரியும் இடத்தில் இருக்கிற ஊர் இது. சென்னை மின்சார ரயில் சூலூர்பேட்டையோடு நின்றுவிடும். நாம் அதற்கும் வடக்கே. 2022 வரை நெல்லூர் மாவட்டம், பிறகு திருப்பதி மாவட்டம். தெற்கே போனால் சென்னை லீக், வடக்கே நெல்லூர் வழியாக ஆந்திர அணி. இரண்டு இடத்திலும் தராசு ஒன்றல்ல.

சென்னைப் பள்ளிதான் மூத்தது. புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியதிலிருந்து அங்கே எல்லாமே கிளப் கணக்கு. 1932இல் பிறந்த லீக், டிவிஷன் டிவிஷனாக அடுக்கப்பட்டது. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்கவேண்டும். கம்பெனிகள் அணி வைத்தன, வேலை கொடுத்தன. ராகுல் திராவிட்டே இந்தியா சிமென்ட்ஸுக்காக இங்கே வந்து ஆடியவர். அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பையன் ஒரு முதலாளியின் சொத்து; எந்தப் படியில் எப்போது ஏற்றுவது என்பதை அந்த முதலாளி முடிவு செய்கிறார். சென்னையில் பையனே கிளப் மாறி மாறி ஏறவேண்டும். சேலத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன், நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல்., பிறகு விஜய் சிசி, பிறகு ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடினார். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது. கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வரவேண்டியிருந்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடி கொடுத்தது.

இந்தப் பள்ளியின் பலம் பொறுமை. லீக்கில் ஒரு பையனை ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முடியாது. சீசன் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பான். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. கீழ் டிவிஷன் எண்களை மேலே இருப்பவர்கள் மதிப்பதில்லை. 26 வயதில் நான்காம் டிவிஷனில் ஒருவர் ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தால், வயதையும் மட்டத்தையும் பார்த்து யாரும் ஒதுக்கத்தான் செய்வார்கள். தராசு சொல்வது அதுதான். ஆனால் 2017–18இல் ஜூப்ளி கிரிக்கெட் கிளப்புக்காக அந்த 31ஐ எடுத்தவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலைஞர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருடைய எண்ணைவிட, பேட்ஸ்மேன்கள் பந்தைக் கையிலிருந்தே படிக்க முடியாமல் திணறியதுதான் பெரிய தகவல். அடுத்த ஆண்டே தமிழ்நாடு பிரீமியர் லீக், அந்த டிசம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடி.

ஆந்திரப் பள்ளி வேறு. 1953இல் தொடங்கிய ஆந்திர கிரிக்கெட் சங்கத்தில் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று வயது வாரியாகச் சலித்தெடுக்கும் முறை. நெல்லூரானாலும், திருப்பதியின் பழைய மாவட்டமான சித்தூரானாலும் நாம் தென் மண்டலத்துக்காரர்கள்தான். இங்கே பையன் சங்கத்தின் கண்ணில் படவேண்டும். பட்டுவிட்டால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சங்கமே பார்த்துக்கொள்கிறது. இருப்பதில் பேஸ்பால் நாற்றங்காலுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

இந்தப் பள்ளியின் பெருமை நிதிஷ் குமார் ரெட்டி. விசாகப்பட்டினத்துப் பையன். முன்னாள் இந்திய விக்கெட் கீப்பர் எம்.எஸ்.கே. பிரசாத்தின் கண்ணில் பட்டு, கடப்பாவில் உள்ள சங்க அகாடமிக்கு வந்தார். 2017–18 விஜய் மெர்ச்சண்ட் கோப்பையில், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆட்டங்களில், 1,237 ரன், சராசரி 176க்கும் மேல். அதில் நாகாலாந்துக்கு எதிராக மட்டும் 345 பந்தில் 441. இந்த 441ஐ என்ன செய்வது? கிரிக்கெட்டே அப்போதுதான் வேர்விட்டுக்கொண்டிருந்த ஓர் அணிக்கு எதிராக அடித்தது அது. அதை மட்டும் பார்த்து ஒருவரை இந்திய அணிக்கு எழுதிவிட முடியாது. ஆனால் அடித்தவருக்கு வயது 14. தன்னைவிட மூத்த பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார். அதே போட்டியில் 26 விக்கெட்டும் எடுத்தார். என்னைக் கேட்டால் 441ஐவிட அந்த 26ஐத்தான் அடிக்கோடிட்டிருப்பேன். மட்டை ஓயும் காலத்தில் அணியில் இடம் காத்துத் தருவது இரண்டாவது கைத்தொழில். 2024 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில் அவர் 114 அடித்தபோது இறங்கியது எட்டாவது ஆளாக.

எண்ணையே நம்பாத பள்ளி ஒன்றும் இருக்கிறது. 1987இல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வேகப்பந்து வீச்சாளனாக ஆசைப்பட்டு வந்த மும்பைப் பையன் ஒருவனை அங்கே பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் லில்லி பார்த்துவிட்டு, பேட்டிங்கைப் பார்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பையன் டெண்டுல்கர். வேண்டாம் என்று சரியாகச் சொல்வதும் செலக்‌ஷன்தான். 2002இல் கிரிக்கெட் வாரியம் திறன் தேடும் பிரிவு ஒன்றை அமைத்து, முன்னாள் ஆட்டக்காரர்களைச் சின்ன ஊர்களுக்கு அனுப்பியது. ஜாம்ஷெட்பூரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்த பிரகாஷ் போதார், நீளமாக அடிக்கும் ஒரு விக்கெட் கீப்பரைப் பற்றி மேலே எழுதினார். வயது வரம்பு 19; அவரோ 21ஐத் தாண்டியவர். வரம்பைத் தள்ளிவைத்துத்தான் தோனியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தது ஐ.பி.எல். அணிகளின் பள்ளி. இவர்கள் மாநில அணிக்குக்கூடக் காத்திருப்பதில்லை. மலப்புரத்து ஆட்டோ ஓட்டுநரின் மகன் விக்னேஷ் புதூர், அப்போது கேரளாவின் சீனியர் அணிக்கு ஆடியிராத இடதுகை மணிக்கட்டு சுழலர். மும்பை அணி கேரள லீக்கில் பார்த்து, 30 லட்சத்துக்கு எடுத்து, தென்னாப்பிரிக்காவில் உள்ள தன் சகோதர அணிக்கு நெட் பௌலராக அனுப்பிவைத்தது. 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டத்திலேயே மூன்று விக்கெட். ரிக்கி பார்த்திருந்தால் தன் ஆள் என்று சொல்லியிருப்பார். ஆனால் இந்தப் பள்ளிக்கு நாலு ஓவரில் தெரிவதுதான் தெரியும்.

நம் பக்கத்து ட்ரையல்ஸில் அதுகூடக் கிடையாது. சட்டையில் நம்பர் சீட்டைக் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கும் பையனுக்கு ஆறு பந்து, மிஞ்சினால் பன்னிரண்டு. இதில் தெரிவது பையனின் உயரமும் பயமும்தான். பதினான்கு வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்டவன் சிக்ஸர் அடிப்பான். பதினெட்டில் மற்றவர்களும் வளர்ந்தபின் அவனிடம் வேறொன்றும் மிச்சமிருக்காது. வயதில் பொய் சொல்வதைப் பிடிக்க வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்க்கிறது. உண்மை வயதுள்ளவனிலேயே முன்முதிர்ந்தவன் யார், தாமதமாக வளர்பவன் யார் என்று பிரிப்பது மட்டும் இன்னும் செலக்டரின் கண்ணுக்கே விடப்பட்டிருக்கிறது.

அந்தக் கண் எங்கே பார்க்கவேண்டும்? பேட்ஸ்மேன் அடித்த பந்தைவிட, விட்ட பந்தை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை மட்டையைத் தூக்கி விடத் தெரிந்தவன் மேல் மட்டத்தில் ஒரு மணி நேரமாவது நிற்பான். வேகப்பந்து வீச்சாளனின் முதல் ஓவரை அல்ல, சாப்பாட்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஸ்பெல்லை. ஓட்டத்தின் கடைசி நாலு அடி அப்போதும் சுருங்காமல் இருக்கிறதா என்று. சுழலருக்கு மேட்டிங்கில் திரும்பிய பந்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. மேட்டிங்கில் எவன் பந்தும் திரும்பும். டர்ஃபில் தூக்கிப் போட்டு அடிவாங்கியபின் அடுத்த பந்தையும் தூக்கிப் போடுகிறானா என்று பார்க்கவேண்டும்.

இதற்கெல்லாம் ஆறு பந்து போதாது, ஸ்கோர் புத்தகம் வேண்டும். பேட்ஸ்மேன் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி, பக்கத்தின் தலையில் மேட்டிங்கா டர்ஃபா என்ற குறிப்பு, எதிரணிப் பந்துவீச்சாளர்களில் மண்டல அளவில் ஆடியவர் யார் என்ற விவரம், வேகப்பந்துப் பையன் அந்த வாரம் மொத்தம் வீசிய ஓவர் கணக்கு. சங்கராந்தி டோர்னமென்ட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம். கோப்பைக்கும் கூடாரத்துக்கும் செலவழிப்பதில் சிறு பங்கை ஒரு நல்ல ஸ்கோரருக்குக் கொடுத்தால் ஆகிற காரியம். நெல்லூரிலோ சென்னையிலோ ஒரு செலக்டர் அந்த நாலு கேள்வியைக் கேட்கும்போது, பையன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டட்டும்.