யாருடைய வேகத்துக்கு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டருக்கும் ஒலிபெருக்கிகள் ஓய்வதில்லை. ஒரு கடையின் பாட்டைத் தாண்டுமுன் அடுத்த கடையின் பாட்டு வந்து மோதும். சுருதி வேறு, காலப்பிரமாணம் வேறு. இரண்டுக்கும் நடுவில் காது கூசும்.

அந்தப் பாதையை ஒட்டிய வீடொன்றின் மாடியில் என் முன்னாள் மாணவி ஒருத்தி, பாட்டுகளை மோதாமல் சேர்க்கும் வித்தையைப் பழகுகிறாள். அவள் டி.ஜே. வீட்டில் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

டெக்னோ பொதுவாக நிமிடத்துக்கு 120 தட்டுகளைத் தாண்டி ஓடும். அன்று அவள் போட்டுக்காட்டியது மெதுவான டெக்னோ, 100 தட்டு. அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தது 106. இரண்டும் சேர வேகம் ஒன்றாக வேண்டும். இசைத்தட்டாக இருந்தால், வேகத்தை 6 சதவீதம் கூட்டும்போது சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். சுருதிப் பொருத்தம் பார்க்க டி.ஜே.க்கள் பயன்படுத்தும் கேம்லாட் சக்கரத்தில், கடிகாரம்போல 12 எண்கள். பக்கத்து எண்கள் ஒத்துப்போகும். 8ஏ என்ற வீட்டில் இருக்கும் பாட்டு அரைச்சுரம் ஏறினால் 3ஏ-வுக்குத் தாவிவிடும். உறவே அறுந்துவிடும். மென்பொருளில் இதற்கொரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வேகம் மட்டும் மாறும், சுருதி நிற்கும்.

"அதை அழுத்திவிடேன்" என்றேன்.

"அழுத்தலாம் மேம். ஆனா ரொம்ப இழுத்தா தாளத்தோட முனை மழுங்கிடும். கேக்கறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "அனுசரித்துப் போ" என்று நம் அம்மாக்களிடம் சொன்னார்கள். நம்மிடம் கொஞ்சம் நாகரிகமாக, "நீ நீயாகவே இரு, வேகத்தை மட்டும் மாற்றிக்கொள்" என்றார்கள். அப்படித்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். வீடு எழும்முன் இரண்டு மணி நேரம், வீடு உறங்கியபின் ஒரு மணி நேரம். சுருதி மாறவில்லை என்றே நினைத்திருந்தேன். அந்த ஆண்டுகளில் எழுதிய கவிதைகளை இப்போது படித்தால் முனை மழுங்கியிருப்பது தெரிகிறது.

யார் மாறிக்கொள்வது என்ற கேள்வி கர்நாடக இசை மேடைக்கும் பழையது. ஆண்கள் 1 கட்டையை ஒட்டிப் பாடினால் பெண்கள் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அதற்கு அளவில் சிறிய, எச்சு சுருதி மிருதங்கம் வேண்டும். வாத்தியத்தை மாற்றுவது எளிது. பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்கவில்லை, பின்னாளில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். இதை அவருடைய பெருந்தன்மையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல்லவி ஆண்களின் சொத்து என்று கருதப்பட்ட காலத்தில் அதை மேடையேறிப் பாடிய பட்டம்மாளின் வித்வத்தாகச் சொல்லிக் கேட்டதில்லை.

என் மாணவி அந்த மெதுவான பாட்டை வேகப்படுத்தவில்லை. நான்கு பாட்டுகளுக்கு முன்பிருந்தே இறக்கத் தொடங்கினாள்: 106, 104, 102, 101. ஒவ்வொன்றிலும் ஓரிரு சதவீதம்தான். எதன் முனையும் மழுங்கவில்லை. கடைசியாக 7ஏ வீட்டுப் பாட்டு ஒன்றை வைத்தாள். அதன் கையைப் பிடித்துக்கொண்டு 8ஏ தன் 100 தட்டிலேயே, தன் சுருதியிலேயே உள்ளே வந்தது. மற்றவை வேகம் குறைத்து அதற்கு இடம்விட்டன.

தமிழில் இசைதல் என்றால் ஒலித்தல் மட்டுமல்ல, உடன்படுதலும்தான். சம்மதத்துக்கு இசைவு என்கிறோம். ஒருத்தியின் இசைவைக் கேட்காமலே அவளை நம் வேகத்துக்கு இழுத்துவிட்டு, இசைவான குடும்பம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

அவளுடைய முதல் நிகழ்ச்சி இன்னும் நடக்கவில்லை. அதற்குமுன் வீட்டில் சொல்ல வேண்டும். "அவங்களையும் மெதுவாத்தான் எறக்கிக்கிட்டு வரணும் மேம்" என்கிறாள். இந்த முறையும் அத்தனை வேலையும் அவள் தலையில்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.