513ஆம் பக்கத்தில் தொடங்கும் நாவல்

லி ஸிஷூவின் 'விடைபெறல்களின் காலம்' 513ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முதலில் அச்சுப்பிழையோ என்று தோன்றும். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண் சட்டென்று உறைத்துவிடும்: ஐந்தாம் மாதம், 13ஆம் தேதி, 1969 கலவரம். அப்படியானால் முந்தைய 512 பக்கங்கள் எங்கே? நாவலின் பதற்றமெல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கு.

லி ஸிஷூ 1971இல் ஈப்போவில் பிறந்தவர். நாவல் சீனத்தில் 2010இல் வெளிவந்தது. அதில் மூன்று சரடுகள். கலவரக் காலத்தில் ஒரு குண்டர் கும்பல்காரனைக் கட்டிக்கொண்டு தனக்கென்று ஓர் இடம் தேடும் டு லி ஆன். அதே பெயருள்ள எழுத்தாளரை ஆராயும் விமர்சகர். தாயை இழந்து, இதே தலைப்புள்ள நாவலை வாசிக்கும் 'நீ'. விமர்சகர் வரும் பகுதி எனக்கு வறட்சியாகப் பட்டது. ஆனால் எழுத்தைவிட விளக்கம் பெரிதாகிவிடுமோ என்ற எழுத்தாளரின் பயம் அங்கேதான் தெரிகிறது.

நம்ம அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலில் சயாம் மரண ரயிலை எழுதினார். விடுபட்ட பக்கங்களை அவர் எழுதி நிரப்புகிறார். லி ஸிஷூ அவற்றை விடுபட்டதாகவே விட்டு, அந்த வெற்றிடத்தைக் காட்டுகிறார். இரண்டு வழியும் வேண்டும். நம்மிடம் முதல் வழிதான் அதிகம். தெரியாததைத் தெரியாததாகவே வைத்து எழுதும் துணிச்சல் நமக்கு இன்னும் வரலை.

இந்த நாட்டில் மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம். சீனமும் தமிழும் 'சுக்குவான்', அதாவது பிரிவு இலக்கியம். ஒரே தட்டில் ஒதுக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் வாசிப்பதுமில்லை. காம்பார் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். இங்கே தவுக்கேயிடம் கண்டோனீஸில் பேரம் பேசுற தமிழர்கள் உண்டு. ஆனால் பக்கத்து ஈப்போக்காரர் எழுதிய நாவலை, தைப்பிங்கில் வளர்ந்த ஒய்.இசட். சின் ஆங்கிலமாக்கி, 2022இல் நியூயார்க்கில் அச்சான பிறகுதான் என்னால் படிக்க முடிந்தது. மூன்று ஊரும் பேராக்கில்தான் இருக்கு. புத்தகம் மட்டும் அமெரிக்கா போய்த் திரும்பியிருக்கு.

சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்காங்க. சீனத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர அவர்களால் முடியும். யாராவது அவர்களிடம் கேட்கணும்.