ஸ்கோப்பைக் கழட்டுங்க முதல்ல

என் மகளுக்குப் பதினான்கு வயது. போன கோடை விடுமுறையில் ஒரு நாள், "அப்பா, நான் ரைபிள் ஷூட்டிங் கத்துக்கணும்" என்றாள். எந்த சாஃப்ட்வேர் ஆளும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன்.

இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். "உங்கள் முதல் ரைபிளுக்கு என்னென்ன வாங்க வேண்டும்" என்ற வகைக் கட்டுரைகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. வீடியோக்கள் அதைவிட அதிகம். எல்லாவற்றிலும் ஒரே வரிசை. முதலில் ஸ்கோப், அப்புறம் அதைப் பொருத்தும் மவுண்ட், பிறகு பைபாட் என்கிற இருகால் தாங்கி, தோள்வார், பை, துடைக்கும் சாமான். கடைசியில் ஒற்றை வரியில் "நல்ல பெல்லெட் வாங்குங்கள்". நானும் அப்படியே வாங்கினேன். ஸ்பிரிங்கில் இயங்கும் ஒரு ஏர் ரைபிள், 3-9x40 ஸ்கோப், பைபாட்.

மொட்டைமாடியில் பத்து மீட்டர் அளந்து, பின்னால் பலகையும் மணல் மூட்டையும் வைத்து, அட்டையை மாட்டினேன். மகள் நின்று குறி பார்த்தாள். ஸ்கோப்பை 9-இல் வைத்திருந்தேன், பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று. நாலைந்து குண்டு சுட்டபின் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "என் கை ரொம்ப நடுங்குதுப்பா. எனக்கு இது வராதுன்னு நினைக்கிறேன்."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வாக்கியம்தான். ரூபாய் போனது பெரிய விஷயமில்லை. ஒரு பொருள் பட்டியல், ஒரு குழந்தையைத் தன் உடம்பின் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டதே என்பதுதான் உறுத்தியது. அந்தப் பட்டியல்களில் எங்கே பிழை என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

விவரம் சரி, கேள்வி தப்பு

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரைகளில் தகவல் பிழை அதிகம் இல்லை. 3-9x40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடி 40 மி.மீ. நாற்பதை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9-இல் சுமார் 4.4 மி.மீ., 3-இல் 13 மி.மீ.க்கு மேல். இருட்டில் நம் கண்ணின் பாப்பா ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். அப்படியானால் மங்கலான வெளிச்சத்தில் உருப்பெருக்கத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்பது சரியான அறிவுரைதான்.

ஆனால் யாருக்கு? அந்தி நேரத்தில், காட்டோரத்தில், நூறு கெஜம் தள்ளி நிற்கும் மானைச் சுடக் காத்திருக்கும் அமெரிக்க வேட்டைக்காரருக்கு. அந்த எண்கள் எல்லாமே அவருடைய தேவையிலிருந்து பிறந்தவை. வேட்டை நம் நாட்டில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். இங்கே விளையாட்டாக ரைபிளைத் தொடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆரம்பிப்பது பத்து மீட்டர் ஏர் ரைபிளில், கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், நின்றபடி. அந்த ஊர்ப் பட்டியலை அப்படியே இங்கே இறக்கினால் ஒவ்வொரு வரியும் எதிராகத் திரும்புகிறது.

ஸ்கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வேட்டை ஸ்கோப்புகளில் பல, நூறு கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, இடமாறு தோற்றப்பிழை இல்லாதபடி நிலைநிறுத்தப்பட்டவை. பத்து மீட்டரில் பார்த்தால் படம் மங்கும். அது போனால் போகிறது, கண்ணை இப்படி அப்படி நகர்த்தினால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகரும். எவ்வளவு? முன்கண்ணாடியின் அரை அகலம் 20 மி.மீ. அதை (91 - 10) / 91 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 18 மி.மீ. கண் விளிம்புக்கே போனால் வரும் உச்சபட்சப் பிழை இது. போட்டி அட்டையின் கருவட்டத்தின் ஆரமே 15 மி.மீ.தான். துப்பாக்கி அசையாமல் இருந்தும், கண் வைத்த இடம் மாறியதாலேயே கருப்புக்கு வெளியே சுட முடியும் என்று அர்த்தம்.

அடுத்து, ஸ்பிரிங் துப்பாக்கி. சுடும்போது ஸ்பிரிங் பாய்ந்து துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். பிஸ்டன் முனையில் போய் மோதும்போது முன்னால் இழுக்கும். இரண்டு பக்க அதிர்ச்சி. பின்னுதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப், பெரிய வேட்டை ரைபிளில் வருடக்கணக்கில் உழைத்திருக்கும், இதில் சீக்கிரமே ஆட்டம் கண்டுவிடும். பைபாடும் அப்படித்தான். ஸ்பிரிங் துப்பாக்கி எதன்மேல், எப்படித் தாங்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துக் குண்டு விழும் இடம் மாறும். தளர்வாகப் பிடித்து, அதன் போக்கில் உதைய விடவேண்டிய பொருளைக் கால் கட்டி நிறுத்தினால் எப்படி?

இத்தனைக்கும் மேல், பத்து மீட்டர் ஏர் ரைபிளின் சர்வதேச விதிகள் தொலைநோக்கி சைட்டை அனுமதிப்பதில்லை. தோள்வார் கிடையாது. தாங்கு கிடையாது. பட்டியலின் முதல் ஐந்து பொருளில் மூன்று, மைதானத்துக்குள்ளேயே நுழைய முடியாதவை! இரண்டு வாரம் படித்தும் இது என் கண்ணில் படவில்லை. 'எந்தப் போட்டி' என்ற பத்தி என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இல்லவே இல்லை.

பார்க்க முடியாததைச் சுடுவது

அருகிலிருந்த ஒரு கிளப்புக்குப் போனோம். பயிற்சியாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என் சாமானையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், ஸ்கோப்பைக் கழட்டுங்க முதல்ல" என்றார். அப்புறம் மகளிடம் பீப் சைட் பொருத்திய கிளப் துப்பாக்கியைக் கொடுத்து, இலக்கே இல்லாத வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். சுடவில்லை. கால்மணி நேரம், விட்டுவிட்டு, வெறும் நிற்பது.

எனக்கு அது புரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

பத்து மீட்டர் அட்டையில் பத்துக்கான புள்ளியின் அகலம் 0.5 மி.மீ. சாதாரண நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டரில் அது 2.9 மி.மீ. ஆக அந்தப் புள்ளி, கண்ணால் பார்க்கக்கூடியதில் சுமார் ஆறில் ஒரு பங்குதான். போட்டியில் நிற்கும் யாரும் பத்தைப் பார்த்துச் சுடுவதில்லை. பார்க்கவே முடியாது!

அவர்கள் பார்ப்பது 30.5 மி.மீ. கருவட்டத்தை. கண்ணருகே ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் துளை. குழல் முனையில் ஒரு வளையம். வளையத்துக்குள் கருவட்டம். சுற்றிலும் இருக்கும் வெள்ளைப் பட்டை எல்லாப் பக்கமும் ஒரே அகலமா என்பது மட்டுமே கேள்வி. தனியாக ஒரு சின்னப் புள்ளியைக் காண்பதில் நம் கண் சுமார்தான். இரண்டு வட்டங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று சொல்வதில் அபாரத் திறமைசாலி. பீப் சைட் அந்தத் திறமையின்மேல் கட்டப்பட்டது. சின்னத் துளை வேறொரு வேலையும் செய்கிறது: தூரத்து அட்டையும் பக்கத்து வளையமும் ஒரே சமயத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும்படி குவிய ஆழத்தைக் கூட்டுகிறது.

சரி, அப்படின்னா ஸ்கோப் என்ன செய்தது? குறிக்கும் நடுக்கத்துக்கும் உள்ள விகிதத்தை அது மாற்றவில்லை. இரண்டையும் ஒன்பது மடங்கு பெரிதாக்கியது, அவ்வளவுதான். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவிலிருந்த துடிப்பெல்லாம், நாடித்துடிப்பு உட்பட, இப்போது தெரிந்தது. எந்த மனித உடம்பும் நின்றபடி அசையாமல் இருப்பதில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அசைவைச் சிறிதாக்கி, அதற்குள் விசையை மெதுவாக விடப் பழகுவதுதான் இந்த விளையாட்டு. அது தெரியாத பிள்ளையிடம் அசைவைப் பூதக்கண்ணாடியில் காட்டினால், நடுவில் வரும் கணத்தில் விசையைப் பிடுங்கத்தான் தோன்றும். அல்லது எனக்கு வராது என்று தோன்றும். என் மகளுக்கு இரண்டும் தோன்றியது.

அபினவ் பிந்த்ராவின் அரை மில்லிமீட்டர்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா 596 எடுத்து நான்காமிடம். இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் சமம். பிந்த்ரா கடைசியாகச் சுட்டது 10.8. மொத்தம் 700.5, தங்கம். ஹாக்கினன் வெண்கலத்துக்கு இறங்கினார்.

10.8 என்றால் என்ன? இந்த அட்டையில் ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர். பெல்லெட்டின் மையம், அட்டையின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் போய் விழுந்திருக்கிறது. உருப்பெருக்கம் இல்லாத சைட்டில்.

இதிலிருந்து 'சாமான் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்' என்று முடிவுகட்டுவது இன்னொரு வகைச் சோம்பேறித்தனம். உலகத்தரப் போட்டியாளர்கள் சாமான் விஷயத்தில் பைத்தியம் பிடித்தவர்கள். ஆனால் அந்தப் பைத்தியம் எதன்மேல் என்று பாருங்கள்: கன்னம் பதியும் கட்டையின் உயரம், தோளில் பதியும் தகட்டின் கோணம், விசையின் எடை, சப்பாத்து, பெல்லெட். எல்லாமே உடம்பும் துப்பாக்கியும் சேரும் இடங்கள், அல்லது குண்டு. நம் பட்டியல்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடங்கள்.

பெல்லெட்டை நானே சோதித்தேன். ஒரே துப்பாக்கி, ஒரே மேசை, ஒரே மெத்தைத் தாங்கு. டப்பாவை மட்டும் மாற்றினேன். துளைகள் சிதறும் அகலம் கண்ணுக்குத் தெரியவே மாறியது. எல்லா டப்பாவிலும் 4.5 மி.மீ. என்றுதான் போட்டிருக்கும். தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தனித்தனியாக விற்கிறார்கள். எந்த அளவு எந்தக் குழலுக்குச் சேரும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்கோப்புக்கும் ஓர் இடம் உண்டு

ஸ்கோப் வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. ஃபீல்ட் டார்கெட் என்றொரு ஏர் ரைபிள் விளையாட்டு இருக்கிறது. இலக்குகள் வெவ்வேறு தூரத்தில் நிற்கும், தூரத்தைச் சொல்ல மாட்டார்கள். அங்கே இடமாறு தோற்றப்பிழையைத் திருத்தும் சக்கரத்தைத் திருகி, படம் எந்த எண்ணில் தெளிவாகிறதோ அதை வைத்தே தூரத்தைக் கணிப்பார்கள். அந்த விளையாட்டில் ஸ்கோப்தான் பாதித் துப்பாக்கி.

கண் விஷயமும் இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு. பீப் சைட்டில் பார்த்தபோது முன்வளையமே எனக்குப் பனிமூட்டமாக இருந்தது. வெள்ளெழுத்து. கண்ணாடிக் கடையில் என் தூரப்பார்வை பவரோடு +0.5 கூட்டி ஒரு கண்ணாடி செய்யச் சொன்னேன். அது குவியத்தை இரண்டு மீட்டருக்கு இழுத்தது, வளையம் தெளிந்தது. ஸ்கோப் விலையில் சிறு பங்குதான் செலவு. எந்தப் பட்டியலும் இதை எனக்குச் சொல்லவில்லை. அவை துப்பாக்கிக்கு என்ன வேண்டும் என்று பேசுகின்றன. சுடுகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று பேசுவதில்லை.

என்னிடம் யாராவது கேட்டால் இப்போது சொல்வது இதுதான். முதலில் எந்தப் போட்டி, எவ்வளவு தூரம், விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நம் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட், பீப் சைட் என்று தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. கொஞ்ச காலம் கிளப் துப்பாக்கியில் சுடட்டும். வாங்குவதானால் கட்டையின் நீளமும் கன்ன உயரமும் பிள்ளையின் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றக்கூடியதாக இருக்கட்டும், வளரும் வயசு. அப்புறம் பெல்லெட். அப்புறம் சைட்.

முன்வளையத்தை ரொம்பச் சின்னதாக எடுக்காதீர்கள். கண்ணிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் வளையத்துக்கு, கருவட்டம் 3 மி.மீ. அளவில் தெரியும். 3 மி.மீ. வளையம் போட்டால் வெள்ளையே தெரியாது. 4 மி.மீ. போட்டால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் வெள்ளை கிடைக்கும். புதியவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் நஷ்டமில்லை.

மகள் இப்போது வாரம் மூன்று நாள் போகிறாள். இன்னமும் பாதி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறாள். "நடுங்குதா?" என்று போன வாரம் கேட்டேன். "நடுங்கும்ப்பா. எல்லாருக்கும் நடுங்கும்" என்றாள். ஸ்கோப் என் மேசை டிராயரில் கிடக்கிறது. ஸ்ப்ரெட்ஷீட்டில் முதல் பத்தியை மாற்றிவிட்டேன்: 'யார் சுடப் போகிறார்கள்?'