‘கரிம எக்கி’ என்னும் உருவகமும் தென்பெண்ணையின் வண்டலும்

கடற்பரப்பில் வாழும் மிதவைத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயுவைக் கரிமப்பொருளாக மாற்றுகின்றன. அதில் ஒரு சிறு பகுதி, இறந்த உயிரிகளாகவும் கழிவுத் துகள்களாகவும் ஆழ்கடலைச் சென்றடைகிறது. இந்நிகழ்வே ‘உயிரியக் கரிம எக்கி’ எனப்படுகிறது. வோல்க், ஹோஃபர்ட் ஆகிய இருவரும் கடலின் கரிம எக்கிகளை வகைப்படுத்தி 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இவ்வுருவகம் வேரூன்றியது. ஆயினும், இது தெளிவுறுத்துவதைப் போலவே மறைக்கவும் செய்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எக்கி என்பது ஆழ்துளைக் கிணற்று நீரை மேலேற்றும் மின்பொறி. முடுக்கிவிட்டால் சீராக இயங்குவது. கடலின் எக்கியோ கீழிறக்குவது; சீரற்றது. 1997ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடல் இருமுனை அலைவு நேர்நிலையில் வலுத்தபோது, சுமத்ரா, ஜாவா கரையோரம் குளிர்ந்த ஆழ்நீர் மேலெழுந்தது. வழக்கமாகப் பச்சையம் குன்றிய அப்பகுதி பசுமையுற்றதைச் செயற்கைக்கோள் பதிவு செய்தது.

ஆனால், பரப்பின் பசுமையை மட்டும் கொண்டு ஆழத்திற்குச் செல்லும் கரிமத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. வங்காள விரிகுடாவில் ஆற்று நன்னீர் மேலடுக்காகப் படிந்து, ஆழத்து ஊட்டங்கள் மேலெழுவதைத் தடுக்கிறது. எனினும், ஆறுகள் கொணரும் கனிமத் துகள்கள் கரிமப்பொருளோடு பிணைந்து அதற்கு எடை கூட்டி, விரைந்து அமிழச் செய்கின்றன. இட்டெக்கோட்டும் உடனாய்வாளரும் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நன்னீர் வரத்துக்கும் துகள்வீழ்ச்சிக்கும் உள்ள இத்தொடர்பை நிறுவியது. ஆகவே, காலநிலை அலைவு கடல் வழியாக மட்டுமன்றி, மழையின் வழியாகவும் ஆற்றின் வழியாகவும் எக்கியைத் தொடுகிறது.

நந்தி மலையில் தோன்றி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடல் சேரும் தென்பெண்ணையை இந்நோக்கில் காணலாம். கங்கையோடு ஒப்பிட இதன் பங்கு மிகச் சிறிது. ஆயினும், செயல்முறையை விளக்க ஏற்ற சான்று. இருமுனை நேர்நிலையுறும் ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகும் போக்கு உண்டு. அவ்வெள்ளத்தின் வண்டலில் பெரும்பகுதி அணைகளில் தங்கிவிடும். நீரில் கரைந்த நகரக் கழிவின் ஊட்டங்களோ பெரிதும் கடந்து செல்லும். கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரை அக்கழிவின் கண்கூடான அடையாளம். அதாவது, பசுமையை வளர்ப்பது செல்கிறது. அதனை அமிழ்த்துவது தங்குகிறது.

எனவே, ‘எக்கி’ என்னும் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அதனோடு ‘அமிழ்வு’, ‘எடையூட்டல்’ என்னும் கருத்துகளையும் இணைத்துப் பயன்படுத்த வேண்டும். அங்ஙனம் செய்யாவிடில், கடலை ஓயாது இயங்கும் பொறியாக எண்ணி, அதன் இயக்கத்தில் மேட்டுநிலத்து அணைகளுக்கும் ஆலைகளுக்கும் உள்ள பொறுப்பைக் காணத் தவறுவோம்.