சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் ஊரும் ஆட்சியும்

தன்னாட்சி கோரும் சிறு தேசிய இனமொன்று முதற்கண் தனக்குரிய நிலத்தைச் சுட்டிக்காட்டுதல் வழக்கம். மலையகத் தமிழர்க்கு அஃது எளிதன்று. நுவரெலியா மாவட்டத்தில் அவர்கள் செறிந்து வாழினும், பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி எனச் சிதறியும் உள்ளனர். வாழும் லயன் அறையோ தோட்டத்துக்கு உரியது. இவ்விடர்ப்பாட்டை அரசறிஞர்க்கு முன்னரே எழுத்தில் கண்டவர் சி. வி. வேலுப்பிள்ளை.

வட்டகொடைக்கு அணித்தான மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த இவர், 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தலவாக்கலையில் வென்றார். அக்கட்சி பெற்ற இடங்கள் ஏழு. அவர் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த காலத்திலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டில் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களே வாக்கற்றோராகிய பின், 1954 இல் அவர் ஆங்கிலத்தில் இயற்றி வெளியிட்ட நெடும்பாட்டே 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் அறியப்படுவது.

அப்பாட்டை வெறும் புலம்பல் என்பார் உளர். அது பொருந்தாது. தேயிலையின் அடியிற் புதையுண்ட முன்னோரைக் காட்டி மண்ணுக்கு உரிமை நாட்டும் வழக்குரையே அது. பத்திரம் இல்லாதவன் புதைகுழியைச் சான்றாக வைக்கிறான். ஆயினும் ஒரு குறையும் உண்டு. அங்கே மக்கள் துயருறும் ஒரே திரளாக நிற்கின்றனர். தம்மைத் தாமே எவ்வாறு ஆளுவர் என்ற வினா எழவில்லை.

அவ்வினா எழுவது 1981 இல் நூலாகிய 'வீடற்றவன்' நாவலில். தோட்டத்திற் சங்கம் அமைக்க முயல்வோர் படும் பாடே அதன் பொருள். தண்ணீர், தெரு, குடியிருப்பு யாவும் துரையின் கையில் இருக்க, தொழிலாளி தானே தெரிந்த தலைவனைக் கொண்டு பேசக்கூடிய முதல் அவை சங்கமே. வேலை போயின் வீடும் போம் என்பதால், அவ்வவையில் சேர்வதே வீட்டைப் பணயம் வைப்பதாகும். நடை சிற்சில இடங்களில் அறிக்கை போல் வறளினும், அரசியலறிவில் நாவல் பாட்டினும் மேம்பட்டது.

இது பழங்கதையெனத் தள்ளுவதற்கில்லை. குடியுரிமை 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கை முதல் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை தவணை தவணையாகவே மீண்டது. வாக்கு மீண்ட பின்னும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. தாம் தெரிந்த உறுப்பினரால் தம் தெருவிற் கல் பதிக்கவும் இயலாத விந்தை அன்றோ இது! அப்பிரிவு 2018 இலேயே திருத்தம் பெற்றது. அவ்வாண்டுத் தேர்தலில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனிச் சபைகளும் வாய்த்தன. எனினும் லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் உறுதி இல்லை. நாவலின் பெயர் மாறவேண்டிய காலம் இன்னும் வரவில்லை.