முகம் காட்டாத படம்

2015 செப்டம்பர் 2ஆம் நாள் துருக்கியின் போத்ரும் நகரை அடுத்த கடற்கரையில் நிலூஃபர் தெமிர் எடுத்த நிழற்படத்தை, ஓர் இலக்கியப் பனுவலை ஆராய்வது போல ஆராய்ந்து பார்க்க விழைகிறோம். உருவப்படம் குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேற்றுமைகளை இங்கே கிளறும் நோக்கம் நமக்கில்லை. கோடிக்கணக்கான கண்கள் கண்டுவிட்ட ஒன்றைக் காணாதது போல் கடந்து செல்வதும் முறையன்று.

தெமிர் அப்போது தோகான் செய்தி நிறுவனத்தின் அவ்வட்டாரச் செய்தியாளர். எதிரே தெரியும் கிரேக்கத் தீவான கோஸை நோக்கி அகதிகள் படகேறுவது அக்கரையில் அன்றாடச் செய்தி. அவ்வாறு புறப்பட்டுக் கவிழ்ந்த படகிலிருந்த சிரியக் குர்துக் குழந்தையின் உடலே அன்று அவர் கண்டது. உள்ளூர்ச் செய்தியாய் முடிந்திருக்கக் கூடிய அப்படம், இணையத்தின் வழியே 12 மணி நேரத்தில் ஏறத்தாழ 2 கோடித் திரைகளை எட்டியதாக ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

இத்துணை ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது? சிவப்புச் சட்டை, நீலக் காற்சட்டை, நம்மை நோக்கிய காலணிகளின் அடிப்புறம். அலைகூடக் கழற்றாத காலணிகள். முகமோ மணலை நோக்கித் திரும்பியுள்ளது. அரபு அணியிலக்கணத்தில் 'ஹத்ஃப்' என்றொரு பகுதி உண்டு. கூற வேண்டியதைக் கூறாது விடுவதே கூறுவதினும் வலிதாகும் இடம் அது. அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி தம் 'தலாஇலுல் இஃஜாஸ்' நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். இப்படத்தில் விடப்பட்டது முகம். அவ்விடத்தில் காண்போர் தத்தம் வீட்டில் கவிழ்ந்து உறங்கும் குழந்தையின் முகத்தை வைத்துக் கொண்டனர். காவலர் ஒருவர் அவ்வுடலைத் தூக்கிச் செல்லும் மற்றொரு படமும் பரவியது. அதில் நமக்காக இரங்குவதற்கு ஒருவர் வந்துவிடுகிறார். ஆகவே நாம் அதனைச் சற்றுத் தாழ்வாகவே மதிக்கிறோம்.

விடப்பட்டதை நிரப்ப முனைந்தோர் பலர். சிலர் குழந்தைக்குச் சிறகு வரைந்தனர். 2016 ஜனவரியில் சீனக் கலைஞர் அய் வெய்வெய், லெஸ்போஸ் தீவின் கரையில் தாமே கவிழ்ந்து கிடந்தார். 'இந்தியா டுடே' இதழுக்காக அக்காட்சி படமாக்கப்பட்டது. அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் அங்கே நமக்குத் தெரிவது அய் வெய்வெய் மட்டுமே.

இனி, படத்தின் மீதே நமக்கொரு குறை உண்டு. விடப்பட்டதை உணர்த்தும் 'கரீனா', அதாவது குறிப்பு, எஞ்சியிருந்தால்தான் ஹத்ஃப் செல்லும் என்பது இலக்கண விதி. அதே கடலில் அக்குழந்தையின் அண்ணன் காலிபும் தாய் ரிஹானாவும் மாண்டனர். அவர்களை உணர்த்தும் குறிப்பு எதுவும் இப்படத்தில் இல்லை. ஆலன் என்ற பெயரே 'அய்லான்' எனப் பிழைபட்டு உலகைச் சுற்றியது. நம் பாடசாலைகளில் ஏடு பெயர்த்தெழுதுவோரின் இத்தகைய பிழைக்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயர். அதற்கு ஆசிரியர் மாணவரைக் கடிந்து கொள்வார்.

ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காகத் திரட்டிய நிதிக்கு நாள்தோறும் வந்த தொகை, படம் வெளியான பின் ஒரு வாரத்தில் 55 மடங்கு உயர்ந்தது. ஆறு வாரங்களில் ஏறக்குறைய பழைய நிலைக்கே இறங்கியது.

சற்றுத் தொலைவில் கிடந்த காலிபையும் தெமிர் அன்று படமெடுத்தார். அப்படம் பரவவில்லை.