நீர்நாயின் ரோமம்

பாலக்காட்டுப் பரம்பிக்குளத்தில் நீர்நாய்கள் கரையேறி உடலை உதறும்போது ரோமத்தைக் கவனியுங்கள். மேல்மயிர்தான் நனைந்திருக்கும். அடியில் நெருங்கி வளர்ந்த மென்மயிர் காற்றைப் பிடித்து வைப்பதால் தோலைத் தண்ணீர் தொடுவதில்லை. குளிர் தாங்கத் திமிங்கிலத்துக்குத் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. நீர்நாய்க்கு இல்லை, அதன் உறவான பசிபிக் கடல்நீர்நாய்க்கும் இல்லை. இரண்டுக்கும் ரோமமே கதி. அதனால்தான் ஓயாமல் கோதிக்கொள்கின்றன.

முங்கினால் மூக்கும் காதும் மூடிக்கொள்ளும். கலங்கிய நீரில் மீசையே மீனின் அசைவை உணரும்.

இடுக்கி மலையோடைகளில் வாழும் சிறுநக நீர்நாய் இன்னும் அழகு: கல்லிடுக்கில் விரல்விட்டுத் துழாவி நண்டைப் பிடிக்கும். அந்த விரல்களுக்கு ஈடான கருவியை நான் கண்டதில்லை. ஓடையில் பூச்சிமருந்து கலந்தால் முதலில் நண்டு போகும், பிறகு நீர்நாயும். தோட்டக்காரர்களே, மருந்து தெளித்த பம்பை ஓடையில் கழுவாதீர்கள்.